வேளாக் குட்டிகள்

தூத்துக்குடி
24 செப்டம்பர் 2025

அண்ணாவுக்கு பிரியா எழுதுவது.

திங்கட்கிழமை புழல் சிறை வாசலில் காலையிலிருந்து மத்தியானம் வரை நின்றேன். மனு எழுதிக் கொடுத்தேன். உள்ளே போய் வந்த வார்டர், "உங்கண்ணனுக்கு உன்னப் பாக்க இஷ்டமில்லையாம்மா" என்றார். எனக்குப் பின்னால் நின்ற அண்ணியை மட்டும் விட்டார்கள். என்னைத் தாண்டிப் போகும்போது அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று ராத்திரியே பஸ் ஏறி இங்கே வந்துவிட்டேன். கடிதம் என்றால் வாசலோடு திருப்பி அனுப்ப மாட்டாய் என்று நினைத்து எழுதுகிறேன்.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீ என்ன திட்டினாலும் சரி.

போன வாரம் ஆபீசில் என்னோடு வேலை செய்கிற ஜெபின் தன் போனைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினான். யாரோ யாருக்கோ அனுப்பி, சுற்றிச் சுற்றி அவனுக்கு வந்த படம். விசைப்படகுத் தளத்தில் ஒரு மீன். சுறா மாதிரி உடம்பு, திருக்கை மாதிரி தட்டைத் தலை, மூக்கிலிருந்து நீளமாக ரம்பம் போல ஒரு கொம்பு. மீனின் மேல் ஒரு ஆளின் கால். முட்டிக்கு மேலே படம் வெட்டப்பட்டிருந்தது. மூலையில் நம்ம காசிமேட்டுத் துறைமுகத்தின் ஐஸ் உடைக்கிற ஷெட் தெரிந்தது. அதை வைத்துத்தான் இடம் தெரிந்தது.

வேளா மீன், புலியைப் போலச் சட்டம் காக்கிற மீன். என் வேலையே அதுதான் என்று உனக்குத் தெரியும். அழிந்துகொண்டிருக்கிற மீன்கள் எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு போகிற வேலை. கன்னியாகுமரியிலிருந்து பழவேற்காடு வரை போயிருக்கிறேன். பார்த்ததெல்லாம் காய்ந்த கொம்புகள். வீட்டுச் சுவரில், கோயிலில், மாதா கெபியில். முழு மீனை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பெரியவர்கள், "அதெல்லாம் போயிடுச்சும்மா" என்பார்கள். நானும் அப்படித்தான் எழுதி வைத்துக்கொண்டிருந்தேன்.

படத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இன்னும் இருக்கிறதே என்று. அடுத்த மூச்சில்தான் அது செத்துக் கிடக்கிறது என்பது உறைத்தது. உடனே வனத்துறையில் எனக்குத் தெரிந்த அதிகாரிக்கு அனுப்பினேன். "காசிமேடு போலத் தெரிகிறது, எந்தப் படகு என்று தெரியவில்லை, விசாரியுங்கள்" என்று எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணி போன் செய்தாள். "உங்கொண்ணன இஸ்துகினு பூட்டாங்க பிரியா, அந்தக் கொம்பு மீனுக்கு" என்றாள். அண்ணியிடம் மறைக்கவில்லை. படத்தை அனுப்பியது நான்தான் என்று அந்தப் போனிலேயே சொன்னேன். "உங்கொண்ணன்னு தெரிஞ்சிருந்தா அனுப்பியிருப்பியா?" என்று கேட்டாள். அதே கேள்வியைத்தான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஆனால் இது சத்தியம். அது உன் கால் என்று எனக்குத் தெரியாது.

அதை ஏன் அண்ணா கரைக்குக் கொண்டுவந்தாய்?

பிரியா


புழல்
3 அக்டோபர் 2025

பிரியாவுக்கு,

ஒன் லட்டரு வந்துச்சி. இங்க வர்ற லட்டர அல்லாம் ஒர்த்தர் பட்ச்சிட்டுத் தான் நம்ம கைல குடுப்பாங்க. அவரு குடுக்க சொல்லவே கேட்டாரு, "ஏம்பா பாஸ்கரு, ஒன் தங்கச்சியா போட்டுக் குட்த்துச்சி?"ன்னு.

அப்ப தான் எனுக்கே தெரியும்.

உங்கண்ணி கன்னியம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. அன்னிக்கி மனுவுக்கு வந்து, புள்ளைங்க நல்லா கீது, ஓனரு வேற டிரைவர வெச்சி போட்ட ஓட்றாருன்னு மட்டும் சொல்லிட்டு அய்துகினே பூட்சி. நான் உன்ன பாக்க மாட்டேன்னு சொன்னது நீ நெனக்கிற காரணம் இல்ல. காலேஜி பட்ச்ச புள்ள, நாலு பேரு மதிக்கிற வேலைல கீது, அது வந்து கம்பிக்கி அந்தாண்ட என்ன இந்தக் கோலத்துல பாக்க வேணாம்னு தான் சொன்னேன். வெக்கம். அவ்ளோ தான்.

லட்டர பட்ச்சிட்டு நேரா பிளாக்குக்குப் போயி சொவுத்த பாத்துகினு குந்திகினேன். சோத்துக்கு மணி அட்ச்சாங்க, எந்திரிக்கல. எவனோ எதிரிப் போட்டுக்காரன் தான் சொல்லிட்டான்னு நெனச்சி, இத்தினி நாளா ஒவ்வொரு மூஞ்சியா நெனச்சி நெனச்சி திட்டிகினு இருந்தேன். பாவம் அவனுங்க.

இங்க வர்றவன் போறவன் அல்லாம், "இன்னா கேஸு?"ங்கறான். "மீன் புட்ச்சேன்"ங்கறேன். சிரிக்கிறானுங்க. வெட்டுக் கேஸுல வந்த ஒர்த்தன், "மெய்யாலும் சொல்லு மாமு, மீனுக்கா உள்ள வெச்சாங்க?"ன்னு தெனம் ஒரு தபா கேட்டுட்டுப் போறான். மீனவனுக்கு மீன் புட்ச்சது குத்தம். அத்த சொன்னது கூடப் பொறந்தவ.

எங்கூட போட்டுல வர்ற தீபனும் இங்க தான் கீறான். அவன் காலுல அந்த மீனு கிய்ச்ச காயம் தெரியுமா உனுக்கு? போட்டோல அது உய்ந்துச்சா? கெண்டக்காலு மொத்தமா பொளந்து தையல் போட்டுகீது. ஆஸ்பத்திரி பிளாக்குல வெச்சி மருந்து போட்றாங்க. அவன் பொண்டாட்டி வந்து பாத்துட்டு மயங்கி உய்ந்துட்டா.

நான் கட்லுக்குப் போனது எறாலுக்கு. உன் மீனத் தேடிகினு போவல. அதுவா வந்து வலை மடில வுய்ந்துச்சி.

ஏன் கரைக்கி எட்த்தாந்தேன்னு கேட்டுக்கீற. சொல்ல மாட்டேன். சொன்னா அத்தயும் யாருக்காச்சும் அனுப்புவ.

இனிமே எய்தாத.

பாஸ்கர்


தூத்துக்குடி
11 அக்டோபர் 2025

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். யாரோ வேற்று ஆள் வாயிலிருந்து, அதுவும் அந்த இடத்தில், நீ தெரிந்துகொண்டாய் என்பதைப் படித்தபோது கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். அண்ணி உன்னிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டதை நான் எழுதிக் கெடுத்திருக்கிறேன்.

தீபன் கால் எனக்குத் தெரியாது. பேப்பரில் அதெல்லாம் வரவில்லை. தீபன் மனைவிக்குப் போன் செய்தேன். நான் யார் என்று சொன்னதும் வைத்துவிட்டாள்.

இப்போது ஒன்று கேட்க வேண்டும். கேட்காமல் இருந்துவிடலாம் என்று ஒரு வாரமாகப் பார்த்தேன். முடியவில்லை.

அந்த மீன் வேளாதானா என்று சான்று கொடுக்கச் சொல்லி எங்கள் ஆபீசுக்குத்தான் படங்கள் வந்தன. பிடிபட்டவர் என் அண்ணன் என்று எங்கள் தலைமையிடம் சொன்னேன். இந்தக் கேஸ் பக்கம் வராதே என்று என்னை விலக்கிவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்னாலேயே படங்களைப் பார்த்துவிட்டேன். வயிற்றைத் திறந்து எடுத்த படம். அது தாய் மீன் அண்ணா. மாதம் நிறைந்தது. வேளா முட்டை போடாது, குட்டிதான் போடும். ஐஸ் பெட்டியில் செத்துப்போன குட்டிகள் இரண்டு இருந்ததாகக் கூட வந்த ரிப்போர்ட்டில் போட்டிருந்தது. கர்ப்பப்பையைப் பார்த்தால் இரண்டோடு நின்ற மாதிரி இல்லை. இன்னும் இருந்திருக்கின்றன. வெளியேயும் வந்திருக்கின்றன.

இருபது வருஷமாக இந்தக் கரையில் யாரும் பார்க்காத மீன். வந்தது ஒன்று. அதுவும் பிள்ளை பெற வந்திருக்கிறது.

மற்றக் குட்டிகள் எங்கே?

ஜெபின் கேட்டான், "உங்க அண்ணன் யாருக்காவது குடுத்திருப்பாரோ?" கண்ணாடித் தொட்டியில் வைத்து அழகு பார்க்கிறவர்கள், காய வைத்து ஷோகேசில் வைக்கிறவர்கள் இதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பார்கள். "எங்க அண்ணன் அப்படிப்பட்டவன் இல்லை" என்று நான் பட்டென்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. என்னைப் பார்த்து நானே அதிர்ந்துபோன இடம் அதுதான்.

எழுதவே அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். குட்டிகளை என்ன செய்தாய்?

பிரியா


புழல்
21 அக்டோபர் 2025

பிரியா,

இந்த லட்டரு தபால்ல வராது. கோர்ட்டுக்கு இட்டுகினு போன அன்னிக்கி வக்கீலு ரேச்சல் அம்மா கைல ஒட்டிக் குட்த்தேன். உன் கைல மட்டும் குடுக்கச் சொல்லிக்கீறேன். யாரும் பட்ச்சிருக்க மாட்டாங்க.

குட்டிங்கள வித்தியான்னு கேட்டுட்ட. அப்பால யோசிச்சேன். நான் தான் உங்கிட்ட ஒண்ணுமே சொல்லலியே, நீ இன்னா பண்ணுவ. அதனால சொல்றேன். கன்னியம்மாவுக்குக் கூட இது முய்சா தெரியாது.

பழவேற்காட்டுக்கு இந்தாண்ட நானும் தீபனும் வலைய இஸ்துகினு வந்துகினு இருந்தோம். காலைல ரெண்டாவது வலைப் பாடு. வலைய மேல ஏத்தற வின்சு மொனகுது, மடி ஏற மாட்டேங்குது. கல்லு கில்லு மாட்டிகிச்சின்னு நெனச்சோம். மேல வந்தா வலைக் கண்ணுக்கு வெளிய கொம்பு நீட்டிகினு கீது. நைனா சொல்லிக் கேட்டுகீறேன், உசுரோட நான் பாத்ததே இல்ல. மடியப் பிரிச்சதும் எறாலு, நண்டு அல்லாத்தோட தொப்புன்னு தளத்துல வுய்ந்துச்சி. வுய்ந்ததும் தலைய ஒரு வீசு வீசிச்சி பாரு. தீபன் காலு கிய்ஞ்சிது. உள்ள வெள்ளையா தெரிஞ்சிது. அவன் சாய்ஞ்சிட்டான், காலு கயித்துல சிக்கிகினு எய்ந்திருக்க முடியல. அது மறுக்கா வீசுது. அவன் மூஞ்சிக்கு ஒரு முழந்தான்.

ஐஸு ஒடைக்கிற கட்ட கெடந்துச்சி. எட்த்தேன். அட்ச்சேன்.

அட்ச்சது தீபனுக்காகத் தான். அத்த யார் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா அது அடங்கனதுக்கு அப்பாலயும் அட்ச்சேன் பிரியா. எதுக்குன்னு தெரில. தீபன் தான், "அண்ணே, போதும், செத்துப் பூட்சி"ன்னு கத்தினான். நின்னு பாத்தா என் சட்டையெல்லாம் ரத்தம். அது என்னிய பாத்துகினே இருந்துச்சி.

லுங்கியக் கிய்ச்சி அவன் காலக் கட்டிட்டு போட்டத் திருப்பினேன். காசிமேட்டுக்கு வேகமா ஓட்டிகினு வரேன். வர்ற வழில திரும்பிப் பாக்கறேன், செத்த மீனோட வவுறு அசையுது. நான் பேய் கீய்யின்னு நெனச்சிட்டேன். கிட்டப் போயி வவுத்த லேசா அமுக்கினேன். ஒரு குட்டி வயுக்கிகினு வெளிய வந்துச்சி. ஒரு கை நீளம். அச்சு அசல் அம்மா மாதிரி, கொம்போட. கொம்பு மேல மட்டும் கொயகொயன்னு ஒரு தோலு உறை. அம்மா வவுத்தக் கிய்க்காம இருக்கப் போட்டது போல.

அஞ்சு வந்துச்சி. ரெண்டு செத்து வந்துச்சி. மூணு மூச்சு வாங்குது. நாங்க கைகாலு கய்வுற நீலத் தொட்டில கட்லுத் தண்ணிய ஊத்தி அதுல வுட்டேன். அங்கியே கட்லுல வுட்டிருக்கலாம். பின்னாடி பாத்தா வரிசையா போட்டுங்க வலைய இஸ்துகினு வருது. இங்க வுட்டா அடுத்த மடில தான் போயி வுயும். எண்ணூரு ஆத்து வாயி வழில தான் கீது, அங்க தண்ணி கொறைச்சலு, எங்க போட்டு எதுவும் நொய்ய முடியாது. ஆனா தீபனுக்கு ரத்தம் நிக்கல. இவனப் பாக்கறதா, அத்தப் பாக்கறதா? அவனே சொன்னான், "வுட்டுட்டே போலாண்ணே, எனுக்கு ஒண்ணும் ஆவாது"ன்னு. அவன் மூஞ்சி வெளுத்துக் கெடந்துச்சி, அப்பவும் சொன்னான்.

போட்ட ஆயத்துல நிறுத்திட்டு, தொட்டியோட தண்ணில எறங்கினேன். ரப்பர் டியூபு மேல தொட்டிய வெச்சி நீஞ்சித் தள்ளிகினு போனேன். அல ரெண்டு தபா கவுக்கப் பாத்துச்சி. காலு தரை தட்டின எடத்துல தொட்டியச் சாச்சேன். ரெண்டு ஒடனே ஓடிட்ச்சி. ஒண்ணு மட்டும் போவல. என் பாதத்து மேல வந்து படுத்துகிச்சி. தட்டித் தட்டி வுட்டேன். அப்பால அதுவும் பூட்சி.

அம்மாக்காரிய அப்பவே கட்லுல தள்ளிட்டு வந்திருந்தா எவனுக்கும் தெரியாது. தள்ளல. அவ்ளோ பெரிய மீனு. பயக்கம். காசிமேட்டுல போட்டக் கட்டினேன், கறிக்காரன் வந்தான், வெலை பேசினேன். தீபன ஆட்டோல ஏத்தி அனுப்பிட்டு அங்கியே நிக்கறேன், எவனோ, "காலு வெச்சி நில்லு தலைவா"ன்னான். வெச்சி நின்னேன். என் கை நடுங்கிகினு இருந்துச்சி. காலு தான் ஆடாம நின்னுச்சி. அத்தத் தான் நீ பாத்த.

அம்மாவ வித்தேன், புள்ளைங்கள வுட்டேன். இது இன்னா நாயம்னு எனுக்கே தெரில. உனுக்குத் தெரிஞ்சா எய்து.

அண்ணன்


காசிமேடு
6 நவம்பர் 2025

அண்ணா,

ரேச்சல் அக்கா மூலமாகவே இதையும் அனுப்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன். நம்ம வீட்டு வாசலில் பையோடு நின்றபோது அண்ணி மீன் அரிந்துகொண்டிருந்தாள். உன் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். அரிவாள்மணையை விட்டு எழுந்து, கை கழுவி, வாசல் படியில் உட்கார்ந்து மெதுவாகப் படித்தாள். "தண்ணில எறங்கினாராமா? அல அடிச்சிகினு கீற எடத்துலயா? இந்தாளுக்கு இன்னா நெஞ்சழுத்தம்" என்று என்னிடம் இல்லாமல் தன்னிடமே சொல்லிக்கொண்டாள். பிறகு, "உள்ள வா" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் எண்ணூருக்கு நான் கிளம்பும்போது அவளும் வந்தாள். முகத்துவாரத்தில் இறால் பிடிக்கிறவர்களிடம் அவள் சரக்கு எடுப்பவள் இல்லையா, எல்லோரையும் தெரியும். அந்த ஆற்றை நீ தண்ணீர் வழியாகப் பார்த்திருப்பாய். நான் இப்போதுதான் முதல் தடவையாக இறங்கி நடந்தேன். கால் வைத்த இடமெல்லாம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் சேறு. ஒரு பக்கம் தண்ணீர் கை வைக்க முடியாத சூடு. எண்ணெய் வாடை தலையைச் சுற்றியது. இதிலா அண்ணா விட்டாய் என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் நீ வேறு எங்கே கொண்டுபோயிருக்க முடியும்? இந்தக் கரை முழுக்க யோசித்துப் பார்த்தேன். எனக்கும் வேறு இடம் தெரியவில்லை.

நாங்கள் என்ன தேடுகிறோம் என்று யாரிடமும் சொல்லவில்லை. நாலாம் நாள் ஒரு கொட்டகையில் தண்ணீர் கேட்கப் போனோம். வலை பின்னிக்கொண்டிருந்த ஆள் எழுந்து போய்க் குடத்தைச் சாய்த்தார். அவர் தலைக்கு மேல் மூங்கிலில் ஒரு சாண் நீளத்தில் ஒரு கொம்பு தொங்கியது. புதுசு. இன்னும் முழுசாகக் காயக்கூட இல்லை. நான் வாங்கிய தண்ணீரைக் குடிக்காமல் நின்றேன். அண்ணிதான் கேட்டாள், அது என்னதென்று. "ஏதோ புது மாதிரி மீனும்மா, வலையில செத்து வந்துச்சு, புள்ளைங்களுக்குக் கொழம்பு வெச்சோம்" என்றார். அவர் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? அவருக்கு யாரும் சொன்னதில்லை. இத்தனை வருஷமாக ஊர் ஊராகப் போன நான் இந்த ஆற்றுக்கு மட்டும் வந்ததில்லை. இங்கே ஒன்றும் மிச்சமிருக்காது என்று நானாகவே முடிவு செய்துவிட்டேன்.

அதற்கப்புறம் மழை. இரண்டு மூன்று நாள் வெளியே போகவில்லை. ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று சொன்னேன். "வந்தது வந்த, இன்னொரு நாளு பாரு" என்றாள் அண்ணி.

நேற்று காலை ஆற்றில் தண்ணீர் ஏறி, கலங்கலாக ஓடியது. புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் இடுப்பளவில் நின்று வலையை இழுத்து மேட்டில் போட்டார்கள். கெளுத்தி, மடவை, கொஞ்சம் இறால், நிறையக் குப்பை. குப்பையோடு குப்பையாக அது இருந்தது. உயிரோடு.

படித்ததெல்லாம் மறந்து போனது. அண்ணிதான் முதலில் ஓடினாள். முந்தானையை நனைத்து அதன் மேல் போட்டாள். கொம்பில் சிக்கியிருந்த வலை நரம்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். நான் கையில் எடுத்தேன். உறையெல்லாம் போய்ப் பல் பல்லாக, சுத்தமாக இருந்தது கொம்பு. உள்ளங்கைக்குக் கீழே அதன் மூச்சு அடித்துக்கொண்டது. அண்ணி குனிந்து அதன் கண்ணைப் பார்த்துவிட்டு, "பாக்குது பிரியா" என்றாள். போனில் ஒரே ஒரு படம் எடுத்தேன். தண்ணீரில் விட்டேன். கலங்கலில் கண் மறைந்துவிட்டது.

சாயங்காலம் ரேச்சல் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பதினேழாம் தேதி ஜாமீன் மனு வருகிறது. இந்தப் படத்தையும் நீ செய்ததையும் ஜட்ஜ் முன்னால் வைத்தால், கொன்றவன் என்று மட்டும் உன்னைப் பார்க்க மாட்டார்கள், வெளியே வர வழி இருக்கிறது என்கிறார். அண்ணி, "காட்டுங்கம்மா, மொதல்ல அவரு வூட்டுக்கு வரட்டும்" என்கிறாள். நானும் அதைத்தான் விரும்புகிறேன்.

ஆனால் ஒன்று இருக்கிறது. கோர்ட்டில் வைத்தால் பேப்பரில் வரும். எந்த ஆறு, எந்த இடம் என்பதும் வரும். ஒரு படம் எப்படி ஊர் சுற்றும் என்பதைத்தான் பார்த்துவிட்டோமே. கண்ணாடித் தொட்டிக்காரர்களும் வருவார்கள், வேடிக்கை பார்க்கிறவர்களும் வருவார்கள். அந்த ஆற்றில் ஒளிய இடமில்லை.

உன்னைக் கேட்காமல் ஒரு படத்தை அனுப்பியது போதும். இதில் நீ சொல்வதுதான்.

பிரியா


புழல்
12 நவம்பர் 2025

பிரியா,

ரேச்சல் அம்மா குட்த்த லட்டர மூணு நாலு தபா பட்ச்சேன், இதயும் அவங்க கைல தான் குட்த்து அனுப்பறேன். தீபனுக்கும் பட்ச்சிக் காட்டினேன். அவன் காலு ஆறிகினு வருது, சொவுத்தப் புட்ச்சிகினு நடக்கறான். உசுரோட கீதுன்னு சொன்னதும், "எதுண்ணே, உன் காலு மேல படுத்துகிச்சே அதுவா?"ன்னான். எனுக்கு எப்டித் தெரியும். இருந்தாலும் இருக்கும்.

கொட்டாயில தொங்கனது தான் தாங்க முடியல. நான் கொண்டு போயி வுட்ட எடம். நான் வுடாம இருந்தா மட்டும் பொயச்சிருக்குமா? இப்டியே ராவும் பகலும் ஓடுது.

படத்தக் காட்ட வேணாம்.

அவசரப்பட்டு சொல்லல. தீபனக் கேட்டுட்டுத் தான் சொல்றேன், அவனும் உள்ள கீறானே. அவன் காயத்தத் தடவிகினே இருந்தான். அவன் பொண்டாட்டிய நெனச்சிருப்பான். அப்பால, "வேணாண்ணே"ன்னான். ஜட்ஜு அய்யா கேட்டா நடந்தத நானே சொல்றேன். அட்ச்சேன். தீபன் உசுருக்காக அட்ச்சேன், அதுக்கு மேலயும் அட்ச்சேன், அப்பால வித்தேன். அத்த மறைக்கப் போறதில்ல. குட்டிங்களப் பத்தி மட்டும் வாயத் தொறக்க மாட்டேன். ரேச்சல் அம்மா கோச்சிக்கும். கோச்சிக்கட்டும்.

நீ நாயம் எது தப்பு எதுன்னு ஒண்ணும் எய்தல. கண்டுபுட்ச்சதும் எங்கிட்டக் கேட்டு எய்தின. அது போதும் எனுக்கு.

கன்னியம்மா தான் ஆடும். அத்த மனுவுக்கு வரச் சொல்லு, நான் சொல்லிக்கிறேன். நீ எதுவும் எடுத்துச் சொல்லாத. அன்னிக்கி அது வூட்டுக்கு வந்ததும் நீ கொஞ்சம் தள்ளியே இரு.

அண்ணன்


காசிமேடு
22 நவம்பர் 2025

அண்ணா,

ஜாமீன் தள்ளுபடி ஆனதை நேரில் கேட்டேன். நீ நின்று பேசியதையும் கேட்டேன். அதற்கு மேலேயும் அடித்தேன் என்று நீ சொன்னபோது அங்கே எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ரேச்சல் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் மேல்கோர்ட்டில் போடுகிறார். அங்கே கிடைக்கும் என்கிறார், உறுதியாகச் சொல்லவில்லை.

அண்ணி விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம், இதுவும் ரேச்சல் அக்கா கையில்தான் வரும்.

நீ சொன்னதைக் கேட்டுவிட்டு மனுவிலிருந்து வந்தவள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள், பேசவில்லை. ஜாமீன் தள்ளுபடி ஆன அன்றும் பேசவில்லை. பிள்ளைகள் அப்பா எப்ப வரும் என்று கேட்டபோது, "உங்கத்தைய கேளு" என்று மட்டும் சொன்னாள்.

இன்று காலை என்னை எழுப்பி, "கெளம்பு" என்றாள். எங்கே என்று கேட்கப் பயமாக இருந்தது. எண்ணூர் பஸ் ஏறினோம். முகத்துவாரத்தில் இறால் ஏலம் போடுகிற நேரம். ஆணும் பெண்ணுமாகக் கூட்டம். அண்ணி நேராக நடுவில் போய்க் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றாள். யாருக்கும் தெரியக்கூடாது என்றுதானே நீ இன்னும் உள்ளே இருக்கிறாய்? இழுக்கலாம் என்று முந்தானையைப் பிடித்தேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். நீ அடித்தது, விற்றது, தொட்டியோடு இறங்கியது, ஜெயிலில் இருப்பது, படத்தைக் காட்டாதே என்றது. கொட்டகைக்கார ஆள் முன்வரிசையில் நின்றிருந்தார். பாதியில் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அன்று குட்டி வந்த வலையைப் புருஷனோடு இழுத்த அந்தப் பெண்தான் கடைசியில் கேட்டாள், "அப்ப அக்கா, அது கவருமெண்டு மீனா? புட்ச்சா எங்களயும் உள்ள வெச்சிடுவாங்களா?"

"கவருமெண்டாவது ஒண்ணாவது," என்றாள் அண்ணி. "அது எங்க வூட்டு மீனு. எம் புருசன் அதுக்காக உள்ள குந்திகினு கீறாரு. வலையில வந்தா அறுத்து வுட்டுடு. அறுத்த வலைக்கி நான் பதில் சொல்றேன்."

கூடையிலிருந்து இறங்கி, ஏலத்தில் எப்போதும் போல இறால் எடுத்து, பேரம் பேசி, பஸ்ஸில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை பேருக்குத் தெரிந்துவிட்டதே அண்ணி, ஒருத்தர் வெளியே சொன்னால்கூடப் போச்சே என்றேன்.

திருவொற்றியூர் தாண்டும் வரை ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் சொன்னாள், "ஆத்துல நிக்கறவங்களுக்குத் தெரியாம அது எப்டி பிரியா பொயக்கும்?"

பிரியா